சொல்லாமல் விட்ட ஆறு வருடம்

காலை ஒன்பதரை மணிக்குக் கண்ணாடிக் கடைக்குள் வந்தவரின் கையில் ஒரு மூக்குக் கண்ணாடி இரண்டு துண்டாக இருந்தது. நடுவில் மூக்கின் மேல் உட்காரும் இடம் ஒடிந்திருந்தது. இடப்பக்கத்து லென்ஸில் குறுக்கே ஒரு விரிசல்.

"கார்ல ஏறும்போது இதுமேலேயே உட்கார்ந்துட்டேன்," என்றார். "நடக்கிற கண்ணாடி போட்டிருக்கேன், இது படிக்கிறது. பதினொரு மணிக்கு மேடையில பேசணும். பேச்சு பூரா பேப்பர்ல இருக்கு. இது இல்லாம எனக்கு ஒரு எழுத்து தெரியாது."

"முதல்ல உட்காருங்க சார்," என்றார் கடைக்காரர். "நாற்காலியில ஒண்ணும் இல்ல, நான் பார்த்துட்டேன்."

வந்தவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். சலவை மடிப்புக் கலையாத சட்டை, பளபளக்கும் காலணி. கடைக்காரரின் கிண்டலுக்குச் சிரிக்கக்கூட அவருக்கு நேரமில்லை. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடையின் பின்பக்கம் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் லென்ஸ் தேய்க்கும் அறை. அங்கே வேலை செய்துகொண்டிருந்தவள் அந்தக் குரலைக் கேட்டதும் தலை நிமிர்ந்தாள். முகம் சட்டென்று பிடிபடவில்லை. குரல் பிடிபட்டது. ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசி வார்த்தையையும் சுத்தியலால் அடிப்பதுபோல் அழுத்திச் சொல்லும் குரல்.

வீட்டில் அவள் பெயர் சின்னவள். இரண்டு பெண்களில் இளையவள் என்பதால் வந்த பெயர். முப்பத்தொரு வயதாகியும் அது மாறவில்லை. கடைக்கு வந்தும் ஒட்டிக்கொண்டது, ஏனென்றால் கடைக்காரர் ஒருமுறை அவள் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டதைக் கேட்டுவிட்டார்.

பதினான்கு வருடங்களுக்கு முன்னால், பள்ளிப் படிப்பு முடிந்து விடைபெறும் விழாவில், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சின்னவள் இந்த மனிதரின் பேச்சைக் கேட்டிருந்தாள். ஊரிலேயே பெரிய அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் முதலாளி. "ஒரு மேசை, ஒரு கத்தரிக்கோல், ஒரு பசை டப்பா. அவ்வளவுதான் என்னிடம் இருந்தது," என்று அவர் சொன்னபோது மண்டபமே மூச்சுவிடவில்லை. அடுத்து அவர் சொன்னதை அவள் நோட்டின் பின்அட்டையில் எழுதி வைத்தாள். "பதினெட்டு வயதில் சம்பளத்துக்குக் கை நீட்டினால் அறுபது வயது வரை நீட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். உங்கள் பெயரை நீங்களே ஒரு பலகையில் எழுதுங்கள்."

எழுதினாள். லென்ஸ் வேலையைப் படித்து, இரண்டு இடங்களில் கைப்பழக்கம் பெற்று, இருபத்துநான்காவது வயதில் சொந்தமாகக் கண்ணாடிக் கடை வைத்தாள். நீல எழுத்தில் தன் பெயரைப் போட்டுப் பெரிய பலகை மாட்டினாள். இரண்டே வருடத்தில் அந்தப் பலகையை அவளே இறக்கினாள்.

கடைக்காரர் தடுப்புக்குள் தலையை நீட்டினார். "சின்னவளே, ஒன்றரை மணி நேரத்துல முடியுமா?"

"முடியும் அண்ணே. அவரை உள்ளே வரச் சொல்லுங்க, கண்ணை அளக்கணும்."

அன்றைக்குப் பதினொரு மணிக்கு எங்கே விழா என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு தெரு தள்ளி, அதே பள்ளி. அவள் அக்காவின் மகள் வாண்டு அன்றுதான் பள்ளியை விட்டு வெளியே வருகிறாள். பிறந்தபோது உள்ளங்கை அளவுதான் இருந்தாள் என்று வைத்த பெயர். இப்போது வீட்டிலேயே அவள்தான் உயரம். சித்தி கட்டாயம் வரவேண்டும் என்று ஒரு வாரமாக நச்சரித்திருந்தாள். சின்னவளும் பத்தரைக்குக் கிளம்ப அனுமதி வாங்கி வைத்திருந்தாள்.

பெட்டி முதலாளி உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்தார். சின்னவள் உடைந்த துண்டுகளை ஒட்டிப் பிடித்து லென்ஸ் மீட்டரில் வைத்துப் பார்த்தாள். பவர் ஐந்தரை. பிறகு அளவுகோலை எடுத்து அவருடைய இரண்டு கண்மணிகளுக்கு இடையே அளந்தாள். அளந்ததை நம்பாமல் மறுபடி அளந்தாள்.

"சார், இந்தக் கண்ணாடியைப் போட்டுப் படிச்சா தலை வலிக்குமா?"

அவர் திகைத்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்? பத்து நிமிஷம் படிச்சா நெத்திப்பொட்டு ரெண்டும் விண்ணு விண்ணுன்னு தெறிக்கும். பிரஷர்னு நினைச்சு மாத்திரையெல்லாம் கேட்டேன். டாக்டர் ஒண்ணும் இல்லன்னுட்டார்."

"பிரஷர் இல்ல. லென்ஸோட நடுமையம் உங்க கண்மணிக்கு நேரா இருக்கணும். இதுல ரெண்டு பக்கமும் நாலு நாலு மில்லிமீட்டர் வெளியே தள்ளி இருக்கு. ஒவ்வொரு வரியைப் படிக்கும்போதும் கண்ணு ரெண்டும் இழுத்துப் பிடிச்சு வேலை செய்யுது. எத்தனை வருஷமா போட்டிருக்கீங்க?"

"நாலு வருஷம். விலை கூடின கண்ணாடி அது."

"ஃபிரேம் விலை கூடினது சார். வேலை மட்டமானது."

கவுண்டரிலிருந்து கடைக்காரர் இருமினார். வாடிக்கையாளரிடம் மட்டம் என்ற வார்த்தையைச் சொல்லக்கூடாது என்பது அவர் கொள்கை. சின்னவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பழைய ஃபிரேமை ஓரமாக வைத்துவிட்டு, முகத்துக்குப் பொருத்தமான புது ஃபிரேம் ஒன்றைக் கடைக்காரரிடமிருந்து வாங்கிக்கொண்டாள். இழுப்பறையில் தேடியபோது ஐந்தரை பவரில் இரண்டே லென்ஸ்கள் இருந்தன. இரண்டு போதும். முதல் லென்ஸைப் பொருத்தி எந்திரத்தை ஓடவிட்டாள். சக்கரத்தின் மேல் தண்ணீர் சன்னமாக வழிய, கண்ணாடி கீச்சென்று தேயத் தொடங்கியது.

பெட்டி முதலாளிக்குச் சும்மா இருக்க முடியவில்லை. லென்ஸ் வந்த அட்டைப்பெட்டி ஒன்று மேசையில் கிடந்தது, அதைக் கையில் எடுத்தார். அதன் விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினார். முகத்தைச் சுளித்தார்.

"யாரு போட்ட பெட்டி இது? அட்டைக்குள்ள நெளிவு இருக்கு பாருங்க, அது மேலேயிருந்து கீழே ஓடணும். அப்பத்தான் எடை தாங்கும். இவன் மிச்சம் பிடிக்கக் குறுக்கே வெட்டியிருக்கான். அதான் மூலை எல்லாம் நசுங்கிப் போயிருக்கு." பெட்டியைப் பிரித்தார், தட்டையாக்கினார், வேறு விதமாக மடித்துக் கண்மூடித் திறப்பதற்குள் மறுபடி பெட்டியாக்கிக் காட்டினார். "இப்ப அழுத்திப் பாருங்க."

சின்னவள் அழுத்திப் பார்த்தாள். கல் மாதிரி நின்றது. அவர் முகத்தைப் பார்த்தாள். கடைக்குள் நுழைந்தபோது இருந்த ஆள் இவர்தானா என்று சந்தேகமாக இருந்தது. பத்து வயது குறைந்து உட்கார்ந்திருந்தார்.

"எங்க சார் கத்துக்கிட்டீங்க?"

"ஒரு பட்டறையில. ஆறு வருஷம் வேலை பார்த்தேன். அங்க ஒரு மேஸ்திரி இருந்தார். தப்பா வெட்டினா அதே அட்டையில விசிறி செஞ்சு நம்ம கையில கொடுத்து, நாள் பூரா வீசிக்கிட்டு நிக்கச் சொல்லுவார்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

சின்னவளின் கை எந்திரத்தின் மேல் நின்றது.

"ஆறு வருஷமா? ஒரு மேசை, ஒரு கத்தரிக்கோல், ஒரு பசை டப்பான்னுல்ல சொல்லுவீங்க?"

"அது அதுக்கு அப்புறம்." அவர் அவளைக் கூர்ந்து பார்த்தார். "நீங்க என் பேச்சைக் கேட்டிருக்கீங்களா?"

"பதினாலு வருஷத்துக்கு முன்னாடி. மூணாவது வரிசை. சம்பளத்துக்குக் கை நீட்டாதேன்னு சொன்னீங்க. அந்த ஆறு வருஷத்தைச் சொல்லவே இல்லையே சார்?"

"அது பேச்சுல எடுபடாதும்மா. ஆறு வருஷம் இன்னொருத்தன்கிட்ட அட்டை வெட்டினேன்னு சொன்னா யார் கை தட்டுவா? பிள்ளைங்களுக்கு ஒரு வேகம் வரணும்ல." வழக்கமான குரல் அவருக்குத் திரும்பி வந்திருந்தது. "உங்களுக்கும் வேகம் வந்திருக்குமே? ஏன், சொந்தமா ஒண்ணும் ஆரம்பிக்கலையா?"

"ஆரம்பிச்சேன். மூடிட்டேன்."

அவர் முகத்தில் ஓர் இரக்கம் படர்ந்தது. சின்னவளுக்கு அந்த இரக்கம் நன்றாகப் பழக்கம். கடையை மூடிய வருடம் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முகத்திலும் அதைப் பார்த்திருக்கிறாள். முதலாளியாக இருந்தவள் கூலிக்குப் போய்விட்டாளே என்று பெரியப்பா வீடு தேடி வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்.

"நஷ்டமா?" என்றார் பெட்டி முதலாளி, மெதுவாக.

"இல்ல சார், நல்லாத்தான் ஓடுச்சு." அவள் முதல் லென்ஸை எடுத்து ஃபிரேமில் அழுத்தினாள். டக்கென்று உட்கார்ந்தது. இரண்டாவதை எந்திரத்தில் மாட்டினாள். "ஓடினதுதான் தொல்லை. காலையில வாடகைக்காரர், அப்புறம் சரக்கு கொண்டு வர்றவர், அப்புறம் விளம்பரக்காரர். வர்றவங்ககிட்ட எல்லாம் பல்லைக் காட்டணும். எனக்குப் பேச்சு வராது, நீங்களே பார்த்தீங்க. லென்ஸ் தேய்க்க ஒரு ஆளை வச்சேன். ஒரு நாள் அவன் தேய்ச்ச கண்ணாடியைப் பார்த்துட்டு ஒரு பாட்டி கோணலா தெரியுதுன்னாங்க. வாங்கிப் பார்த்தா கோணல்தான். அதைச் சரி பண்ண உட்கார்ந்தப்பத்தான் கணக்குப் போட்டேன். நான் எந்திரத்தைத் தொட்டு மூணு மாசம் ஆயிருந்துச்சு. அந்த ஒரு மணி நேரம் இருக்கே, மூணு மாசத்துல நான் சந்தோஷமா இருந்தது அப்பத்தான். வெளியில ரெண்டு பேர் காத்துக்கிட்டிருந்தாங்க, எழுந்து போகவே மனசு வரல. எனக்குக் கண்ணாடி செய்யத்தான் ஆசை, கடை நடத்த இல்லன்னு அன்னிக்குத்தான்…"

பேச்சு பாதியில் நின்றது. எந்திரத்தின் சத்தம் மாறியிருந்தது. சட்டென்று நிறுத்தி லென்ஸை வெளியே எடுத்தாள். ஓரத்தைக் கையால் கொஞ்சம் தேய்த்து முடிக்கும் கட்டத்தில், பேச்சு வாக்கில், மேல்பக்கம் கூடுதலாகத் தேய்த்துவிட்டிருந்தாள். ஃபிரேமில் வைத்துப் பார்த்தாள். உட்கார்ந்தது. ஆனால் மேலே ஒரு தலைமுடி நுழையும் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது.

"அடச்சே!" என்றாள்.

அவர் எட்டிப் பார்த்தார். "உட்கார்ந்திருச்சே?"

"இடைவெளி இருக்கு. திருகை முறுக்கினா இப்போதைக்கு நிக்கும். நாலு நாள்ல ஆட ஆரம்பிச்சிடும். அப்புறம் மையம் நகரும், பழைய தலைவலி திரும்ப வரும்."

"பரவாயில்லம்மா, ஒரு மணி நேரம் தாங்கினா போதும். மணி பத்து ஆச்சு."

"உங்களுக்குப் போதும் சார். என்னால கொடுக்க முடியாது."

கடைக்காரரைக் கூப்பிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் அவர் கல்லாவைப் பூட்டினார். அடுத்த தெருவில் இருந்த மொத்த வியாபாரியிடம் தானே நடையைக் கட்டினார். தொந்தியும் தானுமாக அவர் ஓட்டமும் நடையுமாகப் போவதைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். கெட்டுப்போன லென்ஸைச் சின்னவள் குப்பைத் தொட்டியில் போட்டாள். அவர் அதைப் பார்த்தார்.

"என் தொழிற்சாலையில இப்படி ஒரு ஆள் ஒரு பெட்டியைத் தூக்கிப் போட்டு எத்தனை வருஷம் ஆச்சோ," என்றார். பிறகு, "நான் அட்டையைத் தொட்டு இருபது வருஷம் இருக்கும்மா. என் அறை மூணாவது மாடியில. வெட்டுற இடம் கீழே. சத்தம்கூடக் கேட்காது," என்றார்.

சின்னவள் அவர் மடித்த பெட்டியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். ஆறுதல் சொல்ல அவளுக்குத் தெரியாது.

"இன்னிக்கு அந்த விழாவுல என் அக்கா பொண்ணும் இருக்கா," என்றாள். "பதினேழு வயசு. பேப்பரும் பேனாவுமா உட்கார்ந்திருப்பா. நீங்க சொல்றதை எழுதிக்குவா, நான் எழுதின மாதிரி."

"அவளுக்கு என்ன சொல்லணும்ங்கிறீங்க?"

"நான் யார் சார் சொல்ல? உங்களுக்கு நடந்ததை விட்டுப்போகாம சொல்லுங்க. மிச்சத்தை அவங்களே பார்த்துக்குவாங்க."

கடைக்காரர் மூச்சிரைக்க வந்து லென்ஸை நீட்டியபோது மணி பத்து இருபத்தைந்து. சின்னவள் எந்திரத்தின் பக்கம் திரும்பினாள். "இனி முடியிற வரைக்கும் யாரும் என்கிட்ட பேசக்கூடாது," என்றாள். அந்தச் சின்ன அறையில் இரண்டு முதலாளிகள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்போல் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள்.

பத்து ஐம்பதுக்குக் கண்ணாடி தயார். அவர் அதைப் போட்டுக்கொண்டு தன் பேச்சுத் தாளைப் பிரித்தார். ஒரு வரி படித்தார். இன்னொரு வரி.

"எழுத்து அசையாம நிக்குதே!" என்றார், ஏதோ எழுத்தின் குணமே மாறிவிட்டதுபோல்.

மண்டபத்தில் கூட்டம் நிரம்பி வழிந்தது. பின்வரிசைக்குப் பக்கத்தில் அக்கா இடம் பிடித்து வைத்திருந்தாள். "நேரத்துக்கு வந்ததா சரித்திரமே இல்லை உனக்கு," என்று முணுமுணுத்துக்கொண்டே கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முன்னால் மாணவர்கள் வரிசையில் வாண்டுவின் தலை மட்டும் மற்றவர்களுக்கு மேலே தனியாகத் தெரிந்தது.

தலைமை ஆசிரியை அறிமுகம் செய்து முடித்ததும் பெட்டி முதலாளி எழுந்தார். தாளைப் பிரித்தார். படிக்கத் தொடங்கினார். அதே பேச்சு. அதே சுத்தியல் குரல். இலட்சியம், விடாமுயற்சி, வியர்வை. சின்னவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. நல்ல கண்ணாடி செய்து கொடுத்து அதே பழைய பேச்சைத் தடங்கலில்லாமல் படிக்க வைத்துவிட்டோமே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"ஒரு மேசை, ஒரு கத்தரிக்கோல், ஒரு பசை டப்பா. அவ்வளவுதான் என்னிடம் இருந்தது," என்று அவர் படித்தார். மண்டபம் மூச்சைப் பிடித்தது.

அடுத்த வரி வரவில்லை. அவர் தாளைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். ஒலிபெருக்கி லேசாகக் கத்தியது.

"அவ்வளவுதான் இருந்ததுன்னு எழுதியிருக்கேன்," என்றார். குரலிலிருந்து சுத்தியல் போயிருந்தது. "அது சரியில்ல. அதுக்கு முன்னாடி ஆறு வருஷம் ஒரு பட்டறையில சம்பளத்துக்கு வேலை பார்த்தேன். என் கையில இருக்கிற தொழில் அங்க வந்ததுதான். என் அக்கா வீட்டுக்காரர் தன்னோட கொட்டகையில பாதியைக் கொடுத்தார். அந்த மேசையும் அவரோடதுதான். இதையெல்லாம் இருபது வருஷமா நான் எந்த மேடையிலயும் சொன்னதில்ல. சொன்னா கொஞ்சம் சின்ன ஆளா தெரிவேனோன்னு நினைச்சிருக்கலாம். சம்பள வேலையைக் கேவலமா வேற பேசியிருக்கேன். அது தப்பு. என் தொழிற்சாலையில இருநூறு பேர் சம்பளத்துக்கு வேலை செய்றாங்க. அவங்க இல்லாட்டி நான் காலிப் பெட்டிக்குள்ள உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்."

சிலர் சிரித்தார்கள், சிலர் விழித்தார்கள். தலைமை ஆசிரியை மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலை இடம் மாற்றி வைத்தார். பேச்சு முன்போல் ஓடவில்லை. தட்டுத் தடுமாறி, சொன்னதையே இரண்டு தரம் சொல்லி, விசிறி செய்யும் மேஸ்திரியைப் பற்றி நீளமாகப் பேசி முடித்தார். கைதட்டல் சுமார்தான். ஆனால் அவர் உட்காருவதற்குள் பின்பக்கத்திலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

"அப்ப எதுதான் சார் நல்லது? சொந்தத் தொழிலா, சம்பள வேலையா?"

"எனக்குத் தெரியலப்பா," என்றார் அவர். மண்டபம் அதிர்ந்து சிரித்தது. அவரும் சிரித்தார். "நான் ஒரு பக்கத்தைத்தான் ரொம்ப நாளா பார்த்துட்டிருக்கேன். ரெண்டு பக்கமும் பார்த்தவங்க ஒருத்தங்க இங்க இருக்காங்க. இந்தக் கண்ணாடியை இன்னிக்குக் காலையில செஞ்சு கொடுத்தவங்க. அதோ, பின்னாடி."

முந்நூறு தலைகள் திரும்பின. வாண்டுவின் தலையும் திரும்பியது. அவள் முகம் வெளுத்துப்போனது.

"ஐயோ, எழுந்திருடி," என்று அக்கா இடுப்பில் இடித்தாள்.

சின்னவள் எழுந்தாள். மேடைக்கெல்லாம் போகவில்லை, இருந்த இடத்திலேயே நின்றாள். விரல் நுனியில் இன்னும் லென்ஸ் மாவு ஒட்டியிருந்தது. அதைத் தேய்த்துக்கொண்டே பேசினாள்.

"எனக்கு மேடைப் பேச்சு வராது. நான் சொந்தக் கடை வச்சிருந்தேன். இப்ப சம்பளத்துக்கு வேலை பார்க்கிறேன். என் முதலாளிக்கு விக்கப் பிடிக்கும், எனக்குச் செய்யப் பிடிக்கும், அதனால ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகுது. நான் கீழே இறங்கிட்டேன்னு சிலர் சொல்றாங்க. அவங்க என் வேலையைப் பார்த்ததில்ல." கொஞ்சம் யோசித்தாள். "எந்த வேலைக்குப் போனாலும், அதுல எதைச் செய்யும்போது நேரம் போறதே தெரியலைன்னு கவனிங்க. அது உங்க கையை விட்டுப் போயிடாம பார்த்துக்கோங்க. பதவி வந்தாலும் விடாதீங்க. அப்புறம், கெடுத்துட்டா திரும்பச் செய்யுங்க. பதினாலு வருஷமா இதே வேலையில இருக்கேன், இன்னிக்குக் காலையிலகூட ஒரு லென்ஸைக் கெடுத்தேன். அவருக்கே தெரியும்."

"தெரியும்," என்றார் மேடையிலிருந்து பெட்டி முதலாளி, ஒலிபெருக்கியில்.

முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள். "ஒரே வேலையைச் செஞ்சா போர் அடிக்காதாக்கா?"

"அடிக்கும். மத்தியானம் மூணு மணிக்குத் தவறாம அடிக்கும். நாலு மணிக்குச் சரியாயிடும்."

இந்தத் தடவை கைதட்டல் சுமாராக இல்லை. சின்னவள் காது சூடேற உட்கார்ந்தாள். அக்கா நேராகப் பார்த்தபடி, உதடு அசையாமல், "நல்லாத்தான் பேசுறே," என்றாள். தங்கை கடையை மூடிய பிறகு இந்த ஐந்து வருடத்தில் அக்கா வாயிலிருந்து அதைப்பற்றி வந்த முதல் நல்ல வார்த்தை அது.

விழா முடிந்து தாழ்வாரத்தில் வாண்டு வந்து சித்தியின் கையைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"மானத்தை வாங்கிட்டீங்க சித்தி. என் பிரெண்ட்ஸ் எல்லாம் மூணு மணி, மூணு மணின்னு ஓட்டுறாங்க."

"நானா எழுந்தேன்? உங்கம்மாதான் இடிச்சா."

"அது போகட்டும். நான் லென்ஸ் வேலைக்கெல்லாம் வரமாட்டேன்."

"நான் கூப்பிடவே இல்லையே."

வாண்டு சிரித்தாள். பிறகு பைக்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு விண்ணப்பத்தை எடுத்தாள். ஆஸ்பத்திரி எந்திரங்களைப் பழுது பார்க்கும் படிப்பு, இரண்டு வருடம். ஒரு மாதமாகப் பையிலேயே வைத்திருக்கிறாள். அப்பாவுக்கு அவள் நிர்வாகம் படித்து ஏசி அறையில் உட்கார வேண்டும். மெக்கானிக் வேலைக்கா இத்தனை மார்க் வாங்கினாய் என்று கேட்பார் என்று பயம்.

"போன வருஷம் அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்ப மருந்து ஏத்துற மிஷின் நின்னு போச்சுல்ல? ஒரு அக்கா வந்து பத்து நிமிஷத்துல பிரிச்சுச் சரி பண்ணாங்க. நான் பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். அப்ப நேரம் போனதே தெரியல. நீங்க சொன்னதும் அதுதான் ஞாபகம் வந்துச்சு. ஆனா நீங்க அப்பாகிட்ட ஒண்ணும் பேச வேண்டாம், நானே பேசிக்கிறேன்."

"பேசச் சொல்லி நீ கேட்டாலும் நான் பேசமாட்டேன். எனக்குத்தான் பேச்சே வராதே."

"அதை இனிமே யாரும் நம்பமாட்டாங்க," என்றாள் வாண்டு.

அவள் அன்று மாலையே பேசினாள். வீட்டில் இரண்டு நாள் புயல் அடித்தது. அத்தான் பாத்திரம் விழுந்த மாதிரி சத்தம் போட்டார். மகள் அழவும் இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை. அந்தப் படிப்பு எங்கே, என்ன பாடம், முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று எல்லாவற்றையும் விசாரித்து எழுதி வைத்திருந்த தாளை அவர் முன்னால் வைத்தாள். மூன்றாம் நாள் அவரே அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டு வந்தார். வந்து, தன் யோசனையாகவே நாலு பேரிடம் சொல்லிக்கொண்டார். யாரும் அதை மறுக்கவில்லை.

பெட்டி முதலாளி அடுத்த வாரம் கடைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். தலைவலி போன இடம் தெரியவில்லை என்றார். இன்னொன்றும் சொன்னார். திங்கட்கிழமை காலை வெட்டும் இடத்துக்கு இறங்கிப் போய் ஒரு மேசை முன்னால் நின்றாராம். திடீர் சோதனை என்று நினைத்து எல்லோரும் விறைத்துப்போய் நின்றார்களாம். அவர் இரண்டு அட்டையைத் தப்பாக வெட்டின பிறகுதான் ஆளாளுக்குச் சிரிக்கத் தொடங்கினார்கள்.

"கை மறந்து போச்சும்மா. ஆனா திரும்ப வரும். திங்கள், வியாழன் ரெண்டு நாளும் கீழேதான்."

"விசிறி செஞ்சு கொடுத்தாங்களா சார்?"

"கொடுக்க ஆள் இல்லையே. நானே செஞ்சுக்கிட்டேன்."

வாண்டு படிப்பில் சேர்ந்து ஏழாவது மாதம், ஒரு மத்தியானம், சித்திக்குத் தொலைபேசியில் பேசினாள். பின்னணியில் இரும்புச் சத்தம் கேட்டது. அன்றுதான் முதல்முறையாக ஒரு மருந்து ஏற்றும் எந்திரத்தைத் தனியாகப் பிரித்து மாட்டியிருக்கிறாள்.

"மாட்டி முடிச்சுப் பார்த்தா கையில ஒரு திருகாணி மிச்சம் சித்தி. மிஷின் ஓடுது. யாரும் பார்க்கல. சும்மா பாக்கெட்ல போட்டுக்கிட்டு வந்திருக்கலாம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, முழுசா பிரிச்சேன். அடியில இருக்கிற தட்டுக்கு மாட்ட வேண்டியது. ரெண்டு மணி நேரம் ஆச்சு. சாப்பிடக்கூட இல்ல, இப்பத்தான் பசியே தெரியுது. வச்சிடுறேன் சித்தி, இன்னும் ஒண்ணு இருக்கு."